முன்னூறு பேரை வாசலில் நிறுத்தியவர்

கதவைத் தட்டுவது யார் என்று தெரிந்தாலும் பூட்டுக்காரர் கேட்காமல் திறக்க மாட்டார். கதவின் நடுவில் அவரே துளைத்துப் பொருத்திய கண்ணாடிக் குமிழ் ஒன்று உண்டு. அதில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். வெளியே காய்கறிப் பையோடு மனைவி நிற்பது நன்றாகத் தெரியும். இருந்தாலும், "யாரு?" என்பார்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"உங்க பொண்டாட்டி."

அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். கல்யாணமான புதிதில் அவளுக்கு இதைக் கேட்டு அழுகை வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. மகள் வளர்ந்து கல்யாணமாகிப் போவதற்குள் அதுவும் போய்விட்டது. மழையில் நனைந்தபடி "உங்க பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு, அவர் திறக்கிற வரைக்கும் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருப்பாள்.

ஊரார் கதவுகளைத் திறந்துவிடுவதுதான் அவர் பிழைப்பு. முன்னறை ஜன்னல்தான் கடை. பூட்டையும் சாவியையும் ஜன்னல் வழியாகக் கொடுத்து ஜன்னல் வழியாகவே வாங்கிப் போவார்கள். ஆணியில் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆனால் அந்த வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் கிடையாது. "நான்தான் எப்பவும் உள்ள இருக்கேனே, உனக்கு எதுக்கு?" என்பார்.

வாடிக்கையாளரிடம் அவர் எண்ணித்தான் பேசுவார். அவருடைய பேச்செல்லாம் கணினிக்கு உள்ளே இருந்தது. பூட்டு வேலை செய்கிறவர்கள் முன்னூறு பேர் சேர்ந்த மின்னஞ்சல் குழு ஒன்று. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். நடத்துவது ஒரு பெண்மணி. அவருக்கும் பூட்டுக் கடைதான். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். காலையில் டீ ஆறிப் போகிற வரைக்கும் பூட்டுக்காரர் இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதுவார். தனக்குத் தானே சிரித்துக்கொள்வார். எந்தப் பூட்டுக்கும் எண்ணெய் விடச் சொல்கிற ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். பெயரே எண்ணெய்க்காரர் ஆகிவிட்டது. பக்கத்து ஊரில் இருந்தார். இருவரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒருவருக்குச் சளி பிடித்தால் மற்றவர் கஷாயம் எழுதி அனுப்புகிற அளவுக்குப் பழக்கம்.

அந்த வருடம் குழுவின் கூட்டத்தில், இரும்புப் பெட்டியை உடைக்காமல் திறந்து காட்டுகிற வேலையை அக்கா இவருக்கு ஒதுக்கியிருந்தார். தேதியும் இடமும் குழுவில் எழுதுவேன், வருகிறேன் என்று பதில் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பூட்டுக்காரர் எதிர்த்த கடைத் தையல்காரரிடம் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். தன் கல்யாணத்துக்குக்கூட அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மனிதர்.

அந்த நேரம் பார்த்துத்தான் குப்பை மடல்கள் அதிகமாயின. வழுக்கைக்கு மருந்து, வாங்காத சீட்டுக்குப் பரிசு, யாரோ ஒரு சீமாட்டியின் சொத்தில் பங்கு. "தெரியாதவனெல்லாம் நேரா உள்ள வர்றான். தட்டறதுகூட இல்ல," என்று பொருமினார். தேடிப் பிடித்து ஒரு சேவையில் சேர்ந்தார். யார் மடல் அனுப்பினாலும் அது வெளியே நிறுத்திவைத்து, அனுப்பியவருக்கு ஒரு பதில் போடும். கோணல்மாணலாக எழுத்துகள் போட்ட படத்தைக் காட்டி, இதைப் பார்த்துத் தட்டு, அப்போது நீ மனிதன்தான் என்று நம்புகிறேன் என்று சொல்லும். தட்டினால்தான் மடல் உள்ளே வரும். தெரிந்தவர்களின் முகவரியை முதலிலேயே எழுதிக் கொடுத்தால் அவர்களைக் கேட்காது. அவர் யாருடையதையும் கொடுக்கவில்லை.

"உங்க குழுவையாவது குடுக்கலாமே?" என்றாள் மனைவி.

"எல்லாரும் ஒரு தடவ சொல்லிட்டு வரட்டும். கொறஞ்சா போயிடுவாங்க?"

சேவைக்காரன் கொடுத்திருந்த வாசகம் அவருக்கு மெத்தென்று பட்டது. அழித்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார்: 'யார் நீங்கள்? எதற்காக வந்தீர்கள்?' எழுதியதைப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை. எண்ணெய்க்காரருக்கும் அதை அனுப்பி, நீங்களும் இப்படி ஒரு காவல்காரனை வையுங்கள் என்று யோசனை சொன்னார். நண்பர் அன்றைக்கே வைத்துவிட்டார்.

மறுநாள் மின்னஞ்சல் பெட்டி காலியாக இருந்தது. "பாத்தியா, பெருக்கி விட்ட மாதிரி இருக்கு," என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே இருந்தது. வாரக் கடைசியில் அவர் டீயைச் சூடாகவே குடித்து முடித்தார். அவளுக்கு அதுதான் கவலையாக இருந்தது.

"காவல்காரன் நிறுத்தி வச்சிருப்பானோ என்னவோ. வெளிய போய் ஒரு தடவ பாருங்களேன்."

"குப்பைய எவனாவது கிளறுவானா? மனுசங்கன்னா ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வருவாங்க. அதுக்குக்கூட மனசில்ல அவங்களுக்கு. எண்ணெய்க்காரருக்கு ரெண்டு தடவ எழுதிட்டேன், அவரும் வாயத் திறக்கல. பெட்டி திறக்கற வேலைய வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க."

தையல்காரர் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, "கூட்டம் எப்பண்ணே?" என்று கேட்டார். "பாப்போம்," என்று வாங்கி, மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஒரு நாள் மதியம், சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுவிட்ட யாரோ கூப்பிட்டதால் அவர் வெளியே போயிருந்தார். தொலைபேசி அடித்தது. அவள் பொதுவாக எடுக்க மாட்டாள். அன்றைக்கு அது நிற்கிற மாதிரி இல்லை.

"நான் அக்கா பேசறேன், குழுவிலேர்ந்து. ஏம்மா, முன்னூறு பேர வாசல்ல நிக்க வச்சுட்டு உன் வீட்டுக்காரர் உள்ள என்னதான் பண்றார்?"

"சட்டை தைச்சு வச்சிருக்கார்," என்றாள்.

அக்கா கொட்டித் தீர்த்தார். குழுவுக்கு ஒருவர் எழுதினால் இவருடைய காவல்காரன் குழுவுக்கே திருப்பிக் கேள்வி கேட்கிறான். குழு அதை முன்னூறு பேருக்கும் அனுப்புகிறது. அந்த முன்னூறில் இவரும் ஒருவர் என்பதால் கேள்வி இவர் வாசலுக்கே திரும்பி வருகிறது. அவன் அதையும் நிறுத்தி, யார் நீங்கள் என்கிறான். ஒரே காலையில் ஆளுக்கு இருநூறு மடல். "தன்னையே யாருன்னு கேட்டுக்கிட்டு நிக்கறார்மா. கடைசில இவர் மடல் எதுவும் குழுவுக்குள்ள வராம நானே அடைச்சேன். அந்த எழுத்த யாரும் தட்டக்கூடாதுன்னும் சொல்லிட்டேன். ஆளுக்கு ஆள் வாசல்ல நின்னு வித்த காட்டறதுக்கா குழு வச்சிருக்கேன்? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் தனி முகவரிக்கு வர்றேன்னு எழுதச் சொல்லு. இல்லன்னா பெட்டிய வேற ஆள்கிட்ட குடுப்பேன். பேரையும் எடுத்துருவேன்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தாள். எதிரே நின்று சொன்னால் அவர் கேட்க மாட்டார். அவளுக்கும் எதிரே நின்றால் பேச்சு வராது. எழுந்து போய்க் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக் குமிழில் கண்ணை வைத்தாள். மூக்கு பெரிதாகவும் கால் சிறிதாகவும் கணவர் தெரிந்தார்.

"யாரு?"

அவர் ஒரு அடி பின்வாங்கிக் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"என்ன, விளையாடறியா?"

"எதுக்காக வந்தீங்க?"

"என் வீட்டுக்கு வர்றதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

அவள் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி, தலைகீழாக ஜன்னல் கம்பியில் சாய்த்தாள். "இதுல இருக்கறதப் படிங்க. அப்ப மனுசன்தான்னு நம்பறேன்."

எதிர்க்கடையில் தையல் இயந்திரம் நின்றது. "படிச்சுருங்கண்ணே, வெயில் ஏறுது," என்றார் தையல்காரர்.

பூட்டுக்காரர் பையிலிருந்து கம்பியை எடுத்தார். அப்புறம்தான் அது தன் கையால் செய்த தாழ்ப்பாள் என்பது நினைவுக்கு வந்தது. வெளிப்பக்கம் துவாரம் கிடையாது, திருகாணி கிடையாது. வெளியிலிருந்து எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது என்று குழுவில் படம் போட்டுப் பெருமையடித்த சரக்கு. கம்பியைப் பைக்குள்ளேயே போட்டார்.

நடுவில் கதவு இருந்ததால் அவளுக்குப் பேச்சு வந்தது. அக்கா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். "நீங்க கால் மணி நேரமா நிக்கறீங்க. அவங்க வாரக்கணக்கா நிக்கறாங்க."

"திற. பாக்கறேன்," என்று குரல் வந்தது. நனைந்த பூனையின் குரல் மாதிரி இருந்தது.

காவல்காரன் மடல்களை நிறுத்திவைத்திருந்த அறையை அன்றைக்குத்தான் திறந்தார். மலையாகக் குவிந்திருந்தது. வழுக்கை மருந்துக்கு நடுவே கூட்டத்துத் தேதி கிடந்தது. அவர் கேள்விக்குக் குழுவில் ஆளாளுக்கு எழுதியிருந்த பதில்களும் கிடந்தன. 'நான் சாவி. துவாரத்தைத் தேடி வந்தேன்.' 'நான் உங்களுக்குப் போன வருடம் சுருள்வில் அனுப்பியவன். அதைத் திருப்பி வாங்க வந்தேன்.' அடியில் எண்ணெய்க்காரரின் மூன்று மடல்கள். முதலாவதில், தானும் காவல்காரனை வைத்துவிட்டதாகவும், குழுவின் முகவரியை மட்டும் கேட்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாகவும் மகிழ்ந்திருந்தார். இரண்டாவதில், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டிருந்தார். மூன்றாவது இரண்டே வரி: 'என் மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. நீங்கள் வராத கூட்டத்துக்கு நானும் போகப் போவதில்லை.'

பூட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மடலுக்குக் கீழே, எண்ணெய்க்காரரின் முகவரியிலிருந்தே இன்னொன்றும் கிடந்தது. திறந்தார். 'யார் நீங்கள்? எதற்காக வந்தீர்கள்?'

"எவன்டா இவன்," என்று குதித்தார். "பழகின மனுசன்கிட்ட இப்படியா கேப்பான்?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதாங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டினார். தப்பு என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் தப்பு. முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய், "நான்தான்யா," என்று கெஞ்சினார். பிறகு எப்படியோ ஏற்றுக்கொண்டது. அதே சூட்டில் அக்காவுக்கும் எழுதினார்.

கூட்டத்துக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். அவர் மேடை ஏறியதும் கூட்டம் முழுக்க ஒரே குரலில், "யார் நீங்கள்? எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டதாம். பெட்டி திறக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்ததாம். முன்வரிசையில் எண்ணெய்க்காரர் எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்திருந்தாராம்.

இப்போது காவல்காரன் இல்லை. குப்பை மடல்கள் வருகின்றன. அவர் காலையில் ஒவ்வொன்றாகத் திட்டி அழிக்கிறார். டீ ஆறிப் போகிறது. யாராவது கதவைத் தட்டினால் இன்னும் யாரு என்றுதான் கேட்கிறார். மனைவியை மட்டும் கேட்பதில்லை. உள்தாழ்ப்பாளைப் பகலில் போடுவதில்லை, அவளிடம் ஒரு சாவி இருக்கிறது.