பகலில் பார்த்து ஒட்டிய பிலிம்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் முன் அறை தெருவோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. பஸ் தரிப்பில் நிற்பவர்கள் எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். ஜன்னலுக்குப் பட்டி பட்டியாக மறைக்கிற பிளைண்ட்ஸ் போடுவோம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் அசையவில்லை. ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"பிளைண்ட்ஸுக்குள்ளாலயும் பாக்கலாம்தானே?" என்றேன்.

"ஓட்டையளுக்குள்ளால பாக்க எனக்கு ஏலாது."

ஊரில் சண்டைக் காலத்தில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் இவரை வரிசையில் நிறுத்தி, ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் நடத்தியிருக்கிறார்கள். அவன் தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்த ஆள் தலையை ஆட்டினால் ஆமி பிடித்துக்கொண்டு போய்விடும். இவருக்கு ஆட்டவில்லை. பக்கத்தில் நின்ற சிநேகிதனுக்கு ஆட்டினான். அந்தப் பெடியன் திரும்பி வரவேயில்லை.

ஆகவே ஜன்னல் கண்ணாடியில் பிலிம் ஒட்டினோம். உள்ளிருந்து எல்லாம் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரித்தான் என்றார் கடைக்காரர். நல்ல வெயிலில் தெருவில் நின்று பார்த்தேன். என் மூஞ்சிதான் தெரிந்தது. கோடை முழுக்க இவர் ராசா மாதிரி இருந்தார்; இருட்டுமுன்பே எழும்பி உள்ளே சாப்பிடப் போய்விடுவார். பிளைண்ட்ஸ் கேட்ட என்னை நக்கலும் அடித்தார். வெளியே இருட்டி உள்ளே லைட் எரிந்தால் பிலிம் தலைகீழாகிவிடும், தெருவுக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு எங்கள் முகம்தான் தெரியும் என்று அந்தக் கடைக்கார விசரனும் சொல்லவில்லை, எங்களுக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் மாற்றிய கிழமை. வேலை முடிந்து வருகிறேன், பின்னேரமே கும்மிருட்டு. எங்கள் ஜன்னல் பளிச்சென்று இருந்தது. இவர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. கை காட்டினேன். நேரே என்னைத்தான் பார்த்தார், ஆனால் நான் அவருக்குத் தெரியவில்லை. மெல்லத் தலையை ஆட்டினார்.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். "ஆரைப் பாத்துத் தலையாட்டுறியள்?"

"கண்ணாடிக்குள்ள நிக்கிறவனை. நான்தானெண்டு தெரியும். ஆனா நான் ஆட்டினா அவனும் ஆட்டுறான்."

"நாளைக்கே பிளைண்ட்ஸ் போடுவம்," என்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் இப்போது இரண்டு பேர். அவர் அதில் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ரை பக்கத்தில நில்லாதையும்," என்றார்.