ஊசிக்கு வைத்த மணி

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் ஆர்டர் பிரிவில் இருந்தேன். முதலாளியின் மகன் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கல்யாணப் புடவைக்கும் கெடு தேதியைப் பதிந்துவிட்டால், நாள் நெருங்கும்போது அது மணியடிக்கும், திரையில் ஒரு பெட்டி வரும். 'பிறகு நினைவூட்டு', 'முடிந்தது' என்று இரண்டே பொத்தான்கள். முடிந்தது என்று அமுக்கினால் பட்டியலில் அந்த வரியின்மேல் கோடு விழும், பெட்டி மறைந்துவிடும்.

புடவைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று தறி தறியாகப் போய்ப் பார்த்து வருபவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் என் மேசைக்கு வந்து நிலவரம் சொல்வார். தறியிலிருந்து இறங்கிய புடவைக்கு அவரே பொத்தானை அமுக்கப் பழகியிருந்தார்.

வைகாசி முகூர்த்த நெருக்கடியில் பிள்ளையார்பாளையத்தில், அவர் தெருவிலேயே, ஒரு நாய் அவர் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அன்றே முதல் ஊசி போட்டுக்கொண்டார். மீதி ஊசிகளின் தேதிகளைக் கேட்டு, புடவைகளுக்கு நடுவே அவற்றையும் பதிந்தேன்.

இரண்டாவது ஊசிக்கான மணி அடித்தபோது அவர் எதிரில்தான் இருந்தார்.

"அண்ணா, கிளம்புங்க."

"போறேன்மா. இந்தச் சேதிய சொல்லிட்டுப் போறேன்."

நான் மதியம் வரை வாடிக்கையாளர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பினேன். ஊசி வரியின்மேல் கோடு விழுந்திருந்தது. போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. மூன்றாவது ஊசிக்கும் அப்படியே.

அதற்கு மறுநாள் முற்பகலில் அவர் மனைவி தெருமுனை பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தார்.

"அவரு இருக்காராம்மா? அவரக் கடிச்ச நாய் செத்துப்போச்சு. ரெண்டு நாளா நுரை தள்ளிக்கினு சுத்திக்கினு இருந்துது."

"பயப்படாதீங்கக்கா. அண்ணாதான் ஊசியெல்லாம் போட்டுக்கினாரே."

"எங்கம்மா போட்டாரு? மொத ஊசியோட சரி. கேட்டா, ஆர்டர் முடியட்டும்ன்றாரு."

அண்ணா அன்று தென்னேரியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே போன் கிடையாது. கடையின் கார் வெளியே போயிருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு என் மொபெட்டை எடுத்தேன். வாலாஜாபாத் சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போயின. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கோடு விழுந்த அந்த இரண்டு வரிகள் மட்டுமே கண்ணுக்குள் நின்றன.

ஏரிக்கரைத் தெருவில் வீடு வீடாக விசாரித்து, கடைசியில் அவரைப் பிடித்தேன். தறிக்குப் பக்கத்தில் குனிந்து, முந்தானையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, நீயே வந்துட்ட? எதுனா ஆர்டர் மாறிச்சா?"

"அந்த நாய் செத்துப்போச்சுண்ணா."

தறிச் சத்தம் நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தானே இருந்துது. நாலு நாள் முன்னாடிகூட பாத்தேனே."

"ஊசி போட்டாச்சுன்னு ஏண்ணா அமுக்குனீங்க?"

"மணி அடிச்சிக்கினே இருந்துதும்மா. இத்தினி புடவ நிக்கசொல்ல நான் எங்க போறது? அமுக்கினா அது கம்முனு இருக்குதேன்னு..."

எனக்கு வந்த கோபம் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் மொபெட்டில் என் பின்னால் ஏறிக்கொண்டார். நேராக மருத்துவமனைக்கே ஓட்டினேன்.

மருத்துவமனையில் டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். ஆனாலும், அறிகுறி எதுவும் வருவதற்குள் வந்தது நல்லது என்றார். அன்றே ஊசி போட்டார்கள். மிச்சமிருந்தவற்றுக்குப் புதிய தேதிகளைப் பதிந்தேன். மணி அடித்ததும் நானே அவரைக் கூட்டிப்போய் வந்தேன். ஊசி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொத்தானை அமுக்கினேன்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இப்போது ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் வெறிநாய்க்கடி நோய் பல மாதங்கள் கழித்தும் வரலாம், வந்தால் தண்ணீரைக் கண்டாலே மிரளுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அவர் கடைப் பானையில் தண்ணீர் மொள்ளும் போதெல்லாம் என் வேலை நின்றுவிடும். ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"இன்னாமா, நான் தண்ணி குடிக்கிறத டெய்லி பாத்துக்கினே இருக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணா."

அவர் என் மேசைக்கு நேராக வந்து நின்று, டம்ளரில் மீதியிருந்த தண்ணீரை, நான் பார்க்கும்படியாகவே மெதுவாகக் குடித்து முடித்தார்.