போர்வைக்குள் வைத்த சோறு

கங்வொன் மலைச்சரிவில் ஒக்புன் வீட்டுத் தரைக்கு ஊரிலேயே தனிப்பெயர். சமையலறை அடுப்பில் தீ மூட்டினால் சூடு தரைக்கடியில் உள்ள கற்பாதைகளில் புகுந்து, தானே மேடேறி, மறுகோடிப் புகைபோக்கி வழியாக வெளியேறும். மற்றவர்கள் அந்தப் பாதையைக் கொஞ்சம்போலச் சாய்ப்பார்கள். அவள் கணவன் சாங்ஹோ தாராளமாகவே சாய்த்துவிட்டான். அடுப்போரம் தூங்கிய பூனையை அந்த இழுப்பு உள்ளே இழுத்துக்கொண்டு போய், மீசை கருகப் புகைபோக்கியில் துப்பியதாம். பூனையே ஒத்துக்கொண்ட விஷயம்.

கடலுக்குப் போன சாங்ஹோ திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

வெளியே போன ஆளுக்குப் பித்தளைக் கிண்ணத்தில் சோறு போட்டு மூடி, அடுப்பை ஒட்டிய சூடான தரையில் போர்வைக்குள் வைப்பது அங்கே வழக்கம். ஒக்புன் தினமும் வைத்தாள். தான் மட்டும் குளிர்ந்த மறுகோடியில் சுருண்டுகொண்டாள். விடியும்போது சோறு ஆறிப்போயிருக்கும். வெந்நீர் ஊற்றி அவளே தின்பாள்.

அந்த வருடம் கொடுங்குளிர். சூடு வெளியே ஓடுவதால்தானே சோறு ஆறுகிறது என்று, தீ அணையுமுன்பே புகைபோக்கி வாயில் வைக்கோலைத் திணித்துவிட்டாள்.

காலையில் பக்கத்து வீட்டு தல்யே வந்து பார்த்தால் அறை முழுக்கப் புகை. ஒக்புனை முற்றத்துக்கு இழுத்துப்போட்டு, புகை மயக்கத்துக்கு அங்கே கொடுக்கும் கைமருந்தான, முள்ளங்கி ஊறிய புளிப்புத் தண்ணீரை வாயில் ஊற்றினாள்.

"மேல வாயை அடைச்சா காத்து எப்படிக்கா ஏறும்? புகை தரை வெடிப்புல தான வரும்! இது சின்னப் புள்ளைக்கும் தெரியுமே!"

"எனக்கும் தெரியும்டி."

"தெரிஞ்சேவா?"

"அவரு வந்தா ஆறின சோத்தையா போடச் சொல்ற?"

"நல்லாருக்கு! அந்த மனுசன் சுடுசோத்தைத் தின்னுட்டு, தொட்டுக்க என்ன இருக்குன்னு ஒன் பொணத்துக்கிட்ட கேக்கட்டும்!"

ஒக்புனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வாந்தியும் வந்தது.

தல்யே பின்பக்கம் போய் வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள். "குளிர் போறவரைக்கும் எங்க வீட்ல படுத்துக்கக்கா."

"அவரு வந்தா வீடு இருட்டா கெடக்குமே."

தல்யே பிடுங்கிய வைக்கோலை வாரி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

மாலையில் தீ மூட்டியதும் அடுப்பு ஓவென்று இழுத்தது. ஒக்புன் சோற்றைப் போட்டு மூடி, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மூடியைத் திறந்து, ஆவி பறக்கத் தின்றாள். நாக்கு சுட்டது. பாதியில் நிறுத்தி, மிச்சத்தை மூடிப் போர்வைக்குள் செருகிவிட்டு, அதன் பக்கத்திலேயே, சூடான தரையில் படுத்துக்கொண்டாள்.