சாசேஜுக்கு ஆகும் குண்டு

அல்பினா காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். நடுவில் கிடைக்கும் நேரம் ஆடுகளுக்கும் சோளக்காட்டுக்கும் சரியாகப் போய்விடும். டெக்சாஸில் லவாக்கா ஆற்றை ஒட்டிய அந்தப் பக்கத்தில் காட்டுப்பன்றி நடமாடாத ஓடையே கிடையாது. கூட்டமாக வந்து விதைத்ததைக் கிளறிவிட்டுப் போகும். பன்றி வராத நாளில் கயோட்டி என்கிற காட்டுநாய் வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கும். இரண்டுக்குமாக அவளிடம் ஒரு பழைய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி இருந்தது. விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். சிதறி ஓடும் கூட்டத்துக்கு அதுதான் தோது.

அவள் கணவன் லாடியின் குடும்பம் செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழி. ஜனவரிக் குளிரில் ஒரு சனிக்கிழமை, லாடியின் அண்ணன் எமிலின் கொட்டகையில் கூடி, அரைத்த கறியைக் குடலில் அடைத்து சாசேஜ் போடுவார்கள். ஒவ்வொரு வீடும் கறி கொண்டுவரும். பன்றி, மான், எது கிடைத்ததோ அது. எல்லாம் ஒரே பெரிய தொட்டியில் விழும், ஒன்றாக அரைபடும், ஒன்றாகப் புகையில் தொங்கும். மாலையில் எல்லா வீட்டுக்கும் பங்கு. எது யார் வீட்டுக் கறி என்று பிரித்துப் பார்க்க முடியாது. அல்பினா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜெர்மன் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் பேச்சில் பாதி புரியவில்லை. அந்தத் தொட்டி மட்டும் உடனே புரிந்தது, பிடித்தும் போனது.

போன வருஷம்தான் வினை வந்தது. ஊர்ச் சர்ச்சின் சாமியார் சாசேஜைக் கடித்தவர் அப்படியே நின்றார். பிறகு வாயிலிருந்து குண்டின் ஒரு செப்புத் துண்டையும் தன் அரைப் பல்லையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அது அல்பினாவின் பன்றி என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மற்றவர்கள் கொண்டுவந்த மான்கறியில் அப்படித் துணுக்கு வந்ததே இல்லை. சாமியார் சிரித்து மழுப்பினார். ஊர் அவ்வளவு சுலபத்தில் விடுமா? பெட்ரோல் பங்கில்கூட, "அல்பினா, உங்க வீட்ல விருந்துன்னா பல் டாக்டரையும் கூப்பிட்டுடு" என்றார்கள். அதற்கெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. மான் வேட்டைக் காலம் மறுபடி தொடங்கியபோது எமில் சின்ன அளவில் சாசேஜ் போட்டார். அவள் கொண்டுபோன வாளியை, "அங்க வைம்மா" என்று மேஜைக்கு அடியில் வைக்கச் சொன்னார். சாயங்காலம் அந்தக் கறி வேட்டை நாய்களின் பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவள் பங்கு மட்டும் குறையாமல் வீட்டுக்கு வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

தப்பு எங்கே என்று யோசித்தாள். கடையில் தோட்டாப் பெட்டிகள் பிஸ்கட் பாக்கெட் மாதிரி அடுக்கியிருக்கும். எல்லாம் அவள் துப்பாக்கிக்குப் பொருந்துபவைதான், நுனியில் இருக்கும் குண்டுதான் வேறு வேறு. அவள் கயோட்டிக்காக வாங்கியது மெல்லிய செப்புத் தோல் போர்த்திய ஈயக்குண்டு. பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். கயோட்டியை யாரும் தின்பதில்லை. கைக்கு வந்ததென்று அதே பெட்டியைப் பன்றிக்கும் போட்டதுதான் அவள் செய்தது. பெட்டியின் மேலேயே எழுதியிருந்ததே, ஏன் படிக்கவில்லை? மலிவாக இருந்தது, துப்பாக்கியும் அதைச் சிக்காமல் விழுங்கியது. வேறு காரணம் தேடினாலும் கிடைக்கவில்லை.

முதலில் முழுக்கக் கெட்டியான செப்பு உறை போட்ட ராணுவ மாதிரிக் குண்டைப் பார்த்தாள். அது சிதறாது, விரியவும் விரியாது. ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடும். அடிபட்ட பன்றி முள்ளுக்காட்டுக்குள் ஓடி எங்கோ கிடந்து சாகும், பின்னால் நிற்கும் பன்றிக்கும் காயம் படும். அது வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அடுத்து நுனியில் ஈயம் தெரியும் குண்டு. அளவாக விரியும், கறிக்கு நல்லது என்றார்கள். ஆனால் அவள் துப்பாக்கிக்கு அது ஒத்துவரவில்லை. தோட்டா தானே மேலேறும்போது ஈயமூக்கு இடித்து நசுங்கி, பாதி வழியில் மாட்டிக்கொண்டது.

"பேசாம ஒவ்வொண்ணா கையால போட்டுச் சுடற துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கயேன்" என்றான் லாடி.

"பஸ்ஸுக்கு டீசல் சேரலைன்னா பஸ்ஸை மாத்துவாங்களா, டீசலை மாத்துவாங்களா?"

கடைசியில் ஈயமே இல்லாத, முழுக்கச் செப்பாலான குண்டுக்கு வந்தாள். மூக்கு கெட்டி, மாட்டாது. உள்ளே போனதும் நுனி பூ மாதிரி விரியும், உடம்பு உடையாது. கனமான ரகம், லேசான ரகம் என்று இரண்டு வாங்கினாள். கனமானது அவள் பழைய குழலில் வேண்டிய அளவு சுழலாமல், புரண்டபடி பறந்தது. அட்டையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழித்தது. லேசானது வட்டமாகத் துளைத்தது. காலிப் பிளாஸ்டிக் பால்கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டாள். குண்டு கடைசிக் கேனுக்குள் முழுசாகக் கிடந்தது.

லாடிக்கு இதெல்லாம் அதிகப்படியாகத் தெரிந்தது. "காதுக்குப் பின்னாடி அடிச்சா எந்தக் குண்டா இருந்தா என்ன? தோள்கறிக்கு ஒண்ணும் ஆகாதே" என்றான்.

"எல்லா நாளும் பன்னி நின்னு நமக்குக் காதைக் காட்டுமா?"

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. சாசேஜுக்கு முந்தின வாரம், வெயில் இறங்கும் நேரத்தில், ஓடைக்கரையில் ஒரு கூட்டம் மேய வந்தது. இளம் பெட்டைப் பன்றி ஒன்றின் காதுக்குப் பின்னால் குறிபார்த்தாள். விசையை இழுக்கும் நொடியில் அது திரும்பியது, குண்டு தோளில் போய் உட்கார்ந்தது. பன்றி அங்கேயே சாய்ந்தது. கூட்டம் கலைந்து ஓட, துப்பாக்கி சிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றியது. இரண்டாவது பன்றியும் ஓடைக்கு முன்னால் விழுந்தது. அதற்கும் தோளில்தான் பட்டிருந்தது.

தோலை உரித்துப் பார்த்தார்கள். முதல் பன்றியில் குண்டு அந்தப் பக்கத் தோலுக்கு அடியில் நின்றிருந்தது. கழுவிப் பார்த்தாள். பூவாக விரிந்திருந்தது, இதழ் ஒன்றும் குறையவில்லை. கறியில் தடம் சுத்தமாக இருந்தது. லாடி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாமியாருக்குக் காட்டலாம் என்றான்.

இரண்டாவதில் குண்டு வெளியே போய்விட்டிருந்தது. தடம் இதிலும் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் குண்டைப் பார்க்காமல் இதழ் உடைந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? எலும்பில் பட்டிருக்கிறது, ஒரு துணுக்கு எங்காவது ஒட்டியிருந்தால்? ஒன்றும் இருக்காது என்று லாடி சொன்னான். இருக்காதுதான். போன வருஷமும் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கத்தியை எடுத்து அந்தப் பன்றியின் தோளும் முன்காலுமான இரண்டு முன்சந்தையும் விலாவோடு சேர்த்து அறுத்துத் தனியே போட்டாள். நல்ல கறி. போடும்போது மனசு அடித்துக்கொண்டது.

சனிக்கிழமை எமிலின் கொட்டகையில் தன் வாளிகளை இறக்கி வைத்தாள். எமில் வந்து மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினார். ஒரு வாளியில் துழாவியவர் மற்றதிலும் துழாவினார்.

"ரெண்டு பன்னின்னு லாடி சொன்னான். ஒண்ணுக்கு முன்சந்தே காணோமே."

"அது வீட்ல இருக்கு அத்தான். குண்டு கண்ணுல படலை. நிச்சயமாத் தெரியாம எடுத்துட்டு வர மனசு வரலை. மத்ததுல குண்டு முழுசாக் கிடைச்சிருச்சு."

எமில் அவளைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிவாரோ என்று அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கூட்டத்துல ஒருத்தனும் சந்தேகம்னு ஒரு முன்சந்தை வீட்ல விட்டுட்டு வரமாட்டான்" என்றார் எமில். "தூக்கிப் பிடி. எனக்கு முதுகு வலி."

இருவருமாக வாளியைத் தூக்கிப் பெரிய தொட்டிக்குள் கவிழ்த்தார்கள். அடுத்த வாளியையும் கவிழ்த்தார்கள். அவள் கறி எமிலின் மான்கறிமேல் விழுந்து சரிந்தது. யாரோ உப்பைக் கொட்டினார்கள், யாரோ மிளகைக் கொட்டினார்கள். அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. அல்பினா முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுப் பிசைந்தாள். கறி சில்லென்றிருந்தது, விரல் மரத்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

குடலில் அடைப்பதற்கு முன்னால் எமில் ஒரு பிடி கறியை அடைபோலத் தட்டி வாணலியில் வாட்டினார். முதல் துண்டைக் கத்தி நுனியில் குத்தி அவளிடம் நீட்டினார். உப்பு சரியா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் வேலையை விட்டு அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல் நன்றாக மென்றாள்.

"உப்பு சரி. பூண்டுதான் பத்தலை அத்தான்."

எமில் முணுமுணுத்துக்கொண்டே பூண்டு உரிக்கப் போனார்.