பட்டினி மீன்களுக்குப் பொரி

1996 ஆடியில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கெண்டை மீன்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தேன். இரை கிடைக்காத மீனின் மூளையில் ஒரு பெப்டைடு கூடும். பசியைக் கிளப்புவது அதுதான். இரை விழுந்ததும் குறைந்துவிடும். அதை அளப்பதுதான் என் வேலை.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் வடிவம்மாள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மீன்கள் பட்டினி கிடக்கும் நாட்களில் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில்தான் சாப்பிடுவார்.

"பசிச்ச சீவனுக்கு முன்னால எப்படித் திங்க, தாயி?" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஏழாம் நாள் காலையில் முதல் மீனை அறுத்தேன். குடலில் பொரி. அடுத்த தொட்டி மீனிலும் பொரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரக் கேட்டுப் போட்டிய? ஒரு மாச உழைப்பு பாழாப் போச்சு!"

அவர் தலைகுனியவில்லை.

"நேத்து ஆடி அமாவாசைலா? எங்க வீட்டு ஆளு போயி ஒம்பது வருசமாச்சு. வருசா வருசம் பாபநாசத்துல அவுக பேரச் சொல்லி ஆத்து மீனுக்குப் பொரி போடுவேன். இந்த வருசம் போக முடியல. அதான் இதுகளுக்குப் போட்டேன். இதுகளும் மீனுதான?"

"ஏன் போக முடியல? பஸ்ஸா ஓடல?"

வடிவம்மாள் கையிலிருந்த வாளியைப் பையக் கீழே வைத்தார்.

"நீங்கதான தாயி, ஒரு வாரத்துக்கு லீவே கேக்கக் கூடாதுன்னு சொன்னிய."