பந்தைத் தொடாத விளையாட்டுக்காரன்

எங்கள் பள்ளிக்கூடத்து உதைபந்து அணியில் நான் கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் பெக் விளையாடினேன். உண்மையில் விளையாடவில்லை, நின்றேன். ஓட்டம் எனக்கு வராது. வயதுக்கு மீறிய உடம்பு. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். சாய்ந்தமருதில் வாப்பாவுக்குக் கரைவலை இருந்தது. ஆட்கள் குறைந்த நாட்களில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் தோணி தள்ள என்னைக் கூப்பிடுவார். அதை முடித்துக் குளித்துவிட்டுத்தான் கல்முனைக்குப் பள்ளிக்கூடம் போவேன்.

மைதானத்தில் சனங்கள் கத்தியதெல்லாம் என் மச்சானின் பெயரை. மாமியின் மகன், முன்வரிசையில் விளையாடுபவன், பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு போகும். அவன் கோல் அடித்தால் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போவார்கள். நான் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் போவேன். எனக்கு அதில் குறை இருக்கவில்லை. எங்கள் கோல் பக்கம் பந்து அதிகம் வராதது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஓகஸ்ட் விடுமுறையில், கண்டியிலிருந்து ஒரு பெரிய கல்லூரியின் அணி மட்டக்களப்புக்கு வந்தது. எங்களோடும் ஒரு ஆட்டம் ஒழுங்காயிற்று. பஸ்ஸில் போய் இறங்கினோம். அவர்கள் எல்லோர் காலிலும் சப்பாத்து. எங்களில் பாதிப் பேருக்கு வெறுங்கால்.

மச்சான் இரண்டு கோல் அடித்தான். அவர்களுடைய முன்வரிசைக்காரர்கள் என்னைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி இடிப்பது தப்பில்லை. இடித்தவர்கள்தான் விழுந்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை, முழங்காலை மடக்கி நின்றேன், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய விளையாட்டு மாஸ்டர் எங்களிடம் வந்தார். சிவந்த முகம், பெரிய மீசை. மச்சான் தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டு நேராக நின்றான். மாஸ்டர் அவனுடைய தோளைத் தட்டிவிட்டு, கடந்து வந்து என் முன்னால் நின்றார். எங்களைக் கூட்டிவந்த ஆசிரியர், எங்கள் சேரிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

எங்கள் சேருக்குக் குழப்பம். “இவனா? இவன் பெரிய விளையாட்டுக்காரன் இல்ல. ஆள் போதாததால சேர்த்தது” என்று முதலில் எங்களிடம் சொன்னார். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார் போலும். மாஸ்டர் சிரித்தார். தன்னுடைய பையன்கள் மூன்று பேரைக் கூப்பிட்டு, என்னைத் தள்ளச் சொன்னார். மூவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். பின்னால் போகக் கூடாது என்பது மட்டும் எனக்கு விளங்கியது. நான் போகவில்லை.

“றக்பி எண்டு ஒரு விளையாட்டு இரிக்காம்” என்றார் எங்கள் சேர். “அதுக்கு உன்னக் கேக்கிறார்.”

திரும்பும் வழியெல்லாம் மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். களுவாஞ்சிக்குடி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “உன்னையா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ் கல்முனைக்கு வரும்வரை இருவரும் சிரித்தோம்.

ஒரு கிழமைக்குள் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கருவாட்டு வியாபாரத்துக்கு மலைநாட்டுக்குப் போய்வந்ததில் சிங்களம் கதைப்பார். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டாள். இறைச்சி எங்கே அறுத்தது? வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு விடுவார்களா? நோன்புக்கு என்ன செய்வார்கள்? விடுதியில் முஸ்லிம் பிள்ளைகள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு சமையல் என்று மாஸ்டர் சொன்னதை வாப்பா திருப்பிச் சொன்னார். கடைசியில் உம்மா கேட்டாள்:

“இவன் எவ்வளவு தின்னுவான் எண்டு அந்த மனிசனுக்குத் தெரியுமா? பிறகு அனுப்பிப்போட்டு வெக்கப்பட ஏலாது.”

வாப்பா தயங்கித் தயங்கி அதையும் சிங்களத்தில் சொன்னார். மாஸ்டர் தன் தொடையில் அடித்துச் சிரித்தார். உம்மா கொடுத்தனுப்பிய சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு உம்மா ஒன்றும் கேட்கவில்லை.

மட்டக்களப்பில் ரயிலேறி, பொல்காவலையில் இறங்கி வேறு ரயில் பிடித்துக் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். குளிர் என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்தது. மாஸ்டர் என்னை இரண்டாம் அணியில் போட்டார்.

றக்பியில் ஆட்டம் நின்று தொடங்கும்போது, இரு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, எதிராளிகளின் தலைகளுக்கிடையில் தலையைக் கொடுத்துத் தள்ளுவார்கள். நடுவே பந்தை உருட்டிவிடுவார்கள். அதற்கு ஸ்கிரம் என்று பெயர். முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவன் நான். பந்து பின்னால் இருப்பவர்களுக்குப் போகும். அவர்கள் கொண்டு ஓடுவார்கள். நான் எழும்பிப் பார்க்கும்போது ஆட்டம் மைதானத்தின் மறுபக்கத்தில் நடக்கும்.

தள்ளுவது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாளே, என்னில் பாதிகூட இல்லாத ஒரு மெலிந்த பையன் என்னை மடித்து மண்ணில் போட்டான். மறுபடியும் போட்டான். தோணி திருப்பித் தள்ளாது. ஆள் திருப்பித் தள்ளுவான். அது மட்டுமல்ல, அவன் எப்போது தள்ளுவான் என்பதும் தெரியாது. அந்தப் பள்ளித் தவணை முழுக்க என் முகத்தில் புல்லின் பச்சை போகவில்லை. காது இரண்டும் உரசி வீங்கிப் படுக்க முடியாமல் இருந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தேநீர்க் கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“எத்தின கோல் அடிச்சாய்?” என்றான் மச்சான்.

“பந்தையே தொடல்ல.”

கடையே சிரித்தது. “அங்க போயும் நிக்கிற வேலதானா?” என்று யாரோ கேட்டார்கள்.

அன்று மாலை உம்மாவிடம், நான் இனிப் போகவில்லை என்று சொன்னேன். அவள் என் காதைத் தொட்டுப் பார்த்தாள். “அந்த மெலிஞ்ச பொடியன வெல்லாமலா வாறாய்?” என்று மட்டும் கேட்டாள். அவனைப் பற்றி அவளிடம் அவ்வளவு முறைப்பட்டிருந்தேன்.

திரும்பிப் போனேன். மெலிந்த பையனிடமே போய்க் கேட்டேன். என் சிங்களம் அரைகுறை, அவன் தமிழ் அதைவிட மோசம். கையைப் பிடித்துக் காட்டினான், முதுகை அமத்திக் காட்டினான். மாலைப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருவரும் தலையோடு தலை கொடுத்து நிற்போம். மாடுகள் மாதிரி என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். என் பிழை பலத்தில் இல்லை, அவசரத்தில் இருந்தது. மற்றவனின் மூச்சைக் கேட்டு, அவன் விடும்போது தள்ள வேண்டும். அது பிடிபட்ட நாளில் அவன் பின்னால் சறுக்கிக்கொண்டே போய் உட்கார்ந்தான். எழும்பி என்னைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த தவணையில் முதல் அணிக்காரன் ஒருவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவனுடைய இடத்தில் என்னை இறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் எங்கள் ஸ்கிரம் ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. முடிந்ததும் எதிரணியின் மாஸ்டர் வந்து, இவனை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டாராம். அதற்குப் பிறகு நான் வெளியே உட்காரவில்லை. அடுத்த வருடம் கொழும்புக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து, தங்களோடு சேரச் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாட்டேன் என்று சொல்ல நேரமெடுக்கவில்லை. மெலிந்தவன் அப்போது என் பக்கத்தில்தான் ஸ்கிரமுக்கு நிற்பான்.

வாப்பா வியாபாரத்துக்கு வந்த ஒரு சனிக்கிழமை, தொப்பியோடும் குடையோடும் மைதானத்து ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்தார். முடிந்து நான் சேறோடு அவரிடம் போனேன்.

“ஓடுறானுகள், விழுறானுகள், எழும்புறானுகள். எனக்கு ஒண்டும் வெளங்கல்ல மனே” என்றார். “நீ தள்ளக்குள்ள மட்டும் வெளங்கிச்சு.” பிறகு என் காதைப் பார்த்து, “உம்மாக்கிட்டச் சொல்லாத, வீக்கம் கூடிப்போச்சு” என்றார்.

கடைசி வருடத்தில் மலைநாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து கொழும்புக் கல்லூரிகளோடு ஆடுவதற்கு ஒரு கூட்டு அணியைத் தெரிவுசெய்தார்கள். காலைக் கூட்டத்தில் பெயர்களை வாசித்தபோது, ஓடுபவர்களுக்குக் கைதட்டினார்கள். என் பெயர் வந்ததும் முன்வரிசைக்காரர்கள் மட்டும் காலால் தரையை உதைத்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொழும்பில் தோற்றோம். எனக்கு எதிரே நின்றவன் பாறை மாதிரி ஆள். ஒரு அங்குலம் நான் எடுத்தால் அடுத்ததில் அவன் எடுப்பான். முடிந்ததும் இருவரும் புல்லில் உட்கார்ந்து தோடம்பழம் தின்றோம். இரண்டு பேரின் காதிலும் இரத்தம். அவன் தமிழில் கேட்டான்:

“நீங்க எந்த ஊர்?”

“கல்முனைப் பக்கம்.”

“அங்க றக்பி இருக்கா?”

“இல்ல” என்றேன். அவன் பழத்தின் அடுத்த பாதியை என்னிடம் நீட்டினான்.

படிப்பு முடிந்த பிறகு கொழும்பில் ஒரு கழகம் என்னைக் கூப்பிட்டது. வேலையும் பார்த்துக் கொடுத்தது. முதல் நாள் பயிற்சிக்குப் போனால் அவன் அங்கே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், “அப்பாடா, இனி உங்களைத் தள்ளத் தேவையில்லை” என்றான். அவன் முன்வரிசையின் இடப்பக்கம் போனான், நான் வலப்பக்கம் போனேன். பல வருடம் அப்படியே நின்றோம்.