எடுப்பதா, விடுவதா என்று அம்மனிடம் கேட்டேன்

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் என் வயிற்றில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. சங்கராபுரம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மாதவிலக்கு ஒரு வருஷமாகவே எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரிதான். வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஆளையே காணோம். அடிவயிறு உப்பிக்கொண்டே போனது. என் மகளும் அப்போது முழுகாமல் இருந்தாள். இருவரும் சேர்ந்து நடந்தால், "யாருக்கு மொதல்ல வளைகாப்பு?" என்று தெருவில் கேட்பார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கள்ளக்குறிச்சி டாக்டரம்மா சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தார். இடப்பக்கச் சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவு நீர்க்கட்டி. "கெட்ட கட்டியா தெரியல. வயிறு இவ்ளோ உப்பறதுக்குப் பாதி காரணம் வாயு. எடுத்துடலாம், இல்ல கொஞ்ச நாள் பொறுத்தும் பாக்கலாம். வீட்ல பேசிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் பேசினோம்.

"எடுத்துட்டா நிம்மதி. இனிமே அத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாணாம் அண்ணி, இடுப்பு போயிடும். அப்புறம் களை வெட்டக் குனிய முடியாது" என்றாள் நாத்தனார்.

"இப்ப மட்டும் குனியறாளா?" என்றார் இவர்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். அறுத்துக்கொண்டு படுத்தால் மகளின் தலைப்பிரசவத்தை யார் பார்ப்பது? அறுக்காமல் விட்டு அது புற்றாகிவிட்டால்? வெளியே வாயாடினேன். உள்ளே சோறு இறங்கவில்லை.

முடிவு தெரியாத காரியத்துக்கு மாரியம்மனிடம் பூ கேட்பது எங்கள் வழக்கம். அம்மன் தோளில் நனைத்த பூவை வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. ஆடி வெள்ளியன்று போய் நின்றேன். "இன்னிக்கு வாணாம்மா" என்றார் பூசாரி. நான் விடுவேனா? பிடிவாதம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். வெகுநேரம் கழித்துத் திறந்தால், பூ வைத்த இடத்திலேயே இருந்தது.

"அம்மாவுக்கு இன்னிக்கு சந்தனக்காப்பு. பூவு சந்தனத்துல பதிஞ்சிக்கினு எப்டி வுழும்? அதுக்குத்தான் வாணாம்னேன்" என்றார் பூசாரி.

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பூசாரி பக்கத்தில் வந்தார். "டாக்டரம்மாகிட்ட உன் பயத்த சொன்னியா?" சொல்லவில்லை. "அவங்களப் போயி கேளு. ஆத்தா கூட வருவா."

அன்றுதான் உருப்படியாக வேண்டிக்கொண்டேன். "தாயே, ஊர் வம்புக்கெல்லாம் திறக்கிற என் வாய் டாக்டர் முன்னால் மட்டும் பூட்டிக்கொள்கிறது. அதைத் திறந்துவிடு."

திறந்துவிட்டாள். "இது புத்தாம்மா? எடுக்கலன்னா செத்துடுவனா?" என்று நேராகவே கேட்டேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஸ்கேன்ல வெறும் தண்ணிதான் தெரியுது. தீட்டு நிக்கிற வயசுல இது தானா சுருங்கறதும் உண்டு. ஆனா திரும்பத் திரும்ப ஸ்கேன் பாக்கணும். பெருசானாலோ வேற மாதிரி தெரிஞ்சாலோ எடுத்துடணும். திடீர்னு வலி, வாந்தி வந்தா உடனே வந்துடணும்." பொறுத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

புரட்டாசி பிறந்த சமயம். இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. அந்த வாரம் பார்த்தா எனக்கு வயிற்றைப் பிடுங்கும் வலி வரவேண்டும்! டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்துக் கிளம்பினார் என் வீட்டுக்காரர். ஊர் எல்லையைத் தாண்டியதுமே ஒரு புளியமரம் சாலையை அடைத்துக் கிடந்தது. "தாயே, வழி மட்டும் விடு" என்றேன்.

மறியலில் நின்ற இளைஞர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வயிற்றைப் பார்த்ததும் ஒருவன் கத்தினான்: "டேய், பிரசவ கேசுடா! மரத்தப் புடி!"

"இந்த வயசுலயா?"

"உனுக்கு இன்னாடா, தூக்குடா!"

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மரம் நகர்ந்தது. அடுத்த மரத்திலும் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. "சுகப்பிரசவம் ஆவட்டும்மா" என்று வாழ்த்தியே வழிவிட்டார்கள்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்து, இரவு முழுக்கப் படுக்க வைத்துக் கவனித்தார். "கட்டி முறுக்கிக்கல. நேத்து என்ன சாப்பிட்டீங்க?" அவித்த வேர்க்கடலை. எங்கள் நிலத்தில் பிடுங்கியது. ஒரு முறம்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அத இப்பவே எடுத்துடுங்கம்மா. இன்னொரு தபா என்னால தாங்க முடியாது" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அதே கேள்வி மறுபடியும் என் முன்னால். இந்த முறை பூ தேடவில்லை. "இந்த வலி கட்டியால வந்ததாம்மா?" இல்லை என்றார். "அப்ப பேசினபடி பொறுத்துப் பாக்கறேன். பெருசானா நானே வந்து படுத்துக்கறேன்" என்றேன்.

ஐப்பசியில் பேத்தி பிறந்தாள். முதல் நாளிலிருந்து என் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நான்தான். தை மாத ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. மறு வருஷம் தீட்டு நின்றது. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டியே இல்லை.

கட்டி கரைந்ததால் மட்டும் இதைச் சொல்லவில்லை. என் ஓரகத்திக்கு இதே மாதிரி வந்தது. அவளுக்கு எடுக்க வேண்டியிருந்தது, எடுத்தார்கள், நன்றாக இருக்கிறாள். அவளுக்கும் துணை நின்றது அதே தாய்தான். எனக்கு அம்மன் தந்தது, கேட்கும் துணிச்சலும் காத்திருக்கும் பொறுமையும். உங்களில் யாராவது இப்படித் தவித்துக்கொண்டிருந்தால், அவள் முன்னால் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு எழுந்து போய், பயத்தை மறைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள். போகும் வழியில் நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள். அதற்கு நான் சாட்சி.